மேலே ஒரு மின்கடல்

 

எங்கள் தீவைச் சூழ ஒரு கடல் இருக்கின்றது. எங்கள் தலைக்கு மேலேயும் ஒரு கடல் இருக்கின்றது. அது கண்ணுக்குத் தெரியாத மின்கடல். அதனைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன்.

ஞாயிற்றின் ஊதாக் கடந்த கதிர்களும் எக்ஸ் கதிர்களும் வளிமண்டலத்தின் உச்சியிலே மோதும்பொழுது, அங்குள்ள அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரித்து விடுகின்றன. இலத்திரனை இழந்த அணு நேர்மின்னேற்றம் பெறுகின்றது. அதுவே அயன். இவ்வாறு ஏறக்குறைய 60 கிலோமீற்றர் உயரத்திலிருந்து பல நூறு கிலோமீற்றர் வரை பரந்து கிடப்பதே அயனமண்டலம். அது உண்டென்பதை 1924 ஆம் ஆண்டிலே வானொலி அலைகளைக் கொண்டு மெய்ப்பித்தவர் அப்பிள்ற்றன் என்னும் ஆங்கிலேய அறிஞர். அதற்காக 1947 இல் நோபல் பரிசும் பெற்றார்.

பகலிலே கேளாத தூரத்து வானொலி நிலையம் இரவிலே தெளிவாகக் கேட்பதைப் பெரியோர்கள் அறிவார்கள். காரணம் என்ன? மத்திய அலைகளைப் பகலில் விழுங்கும் கீழ் அடுக்கு, ஞாயிறு மறைந்ததும் மறைந்து போகின்றது. அலைகள் மேலடுக்கை எட்டி, அங்கிருந்து வளைந்து தொலைவிலே வந்து இறங்குகின்றன.

பூமிக்கு மட்டும் உரியதன்று இம்மண்டலம். வெள்ளிக்கும் உண்டு, செவ்வாய்க்கும் உண்டு. ஆனால் செவ்வாய் முழுவதையும் தழுவிய காந்தப்புலம் இன்று இல்லை. ஞாயிற்றிலிருந்து வீசும் துணிக்கைக் காற்று அதன் மேல்வளியைத் தாக்கி, அயன்களை அள்ளிச் செல்கின்றது. செக்கனுக்கு ஏறக்குறைய 100 கிராம் வளி இவ்வாறு இழக்கப்படுவதாக மேவன் என்னும் அமெரிக்க விண்கலத்தின் அளவீடுகளைக் கொண்டு 2015 இல் அறிவித்தார்கள். சிறு துளிதான், ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்!

பூமிக்கோ வலிய காந்தப்புலம் உண்டு. அதன் நடுக்கோடு எங்கள் தீவுகளுக்குச் சிறிது தெற்கே செல்கின்றது. அக்கோட்டின் மேலே, 100 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில், பகல் வேளையில் வலிய மின்னோட்டம் ஒன்று ஓடுகின்றது. அதனை ஆராய்வதற்காகவே திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார் விக்கிரம் சாராபாய். 1963 நவம்பர் 21 இல் அங்கிருந்து முதல் றொக்கற் எழுந்தது. ஊர் மக்களின் தேவாலயமே அன்று விஞ்ஞானிகளுக்கு அலுவலகமாயிற்று. மீனவர் குடியிருப்பும் உலக விஞ்ஞானத்துக்கு வாசலாகலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இதனால் எமக்கென்ன என்று கேட்பீர்கள். இன்று வள்ளங்களிலே ஜீ.பி.எஸ். கருவி வழிகாட்டுகின்றது. செய்மதியிலிருந்து வரும் அதன் அலை இம்மின்கடலைக் கடந்தே வருகின்றது. காந்த நடுக்கோட்டை அண்டிய இடங்களில், ஞாயிறு மறைந்த பின், அயனமண்டலத்திலே குமிழ்கள் போன்ற வெறுமைகள் எழும்பிப் பரவுவதுண்டு. ஞாயிற்றின் ஆற்றல் மிகும் ஆண்டுகளில் இவை கூடுதல். அவ்வேளை அலை தளும்பும். கருவி சில கணம் தடுமாறவுங் கூடும். பாக்கு நீரிணையில் 1974 இல் வகுத்த எல்லைக்கோடு நீரிலே தெரிவதில்லை. இரவில் தொழில் செய்பவனுக்குத் தன் இடம் தெரியாத சில கணமும் பெரிதே.

ஆகவே இளைஞர்களே, கருவியை இயக்கப் பழகினால் மட்டும் போதாது. அது எப்பொழுது தவறும், ஏன் தவறும் என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். வெள்ளி பார்த்தும் நீரோட்டம் பார்த்தும் ஓடிக் கரைசேர்ந்த பெரியோர்கள் இன்னும் எம்மிடையே இருக்கின்றார்கள். அவர்களிடம் கேட்டு அந்த அறிவையும் எழுதி வையுங்கள். பழையதும் புதியதும் ஒரே வள்ளத்திலே இருக்கட்டும்.