பகிர்ந்து செய்தால் பாரமில்லை
(இல்லத் தூய்மை குறித்துத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இல்லத் தூய்மை. "இது நாங்கள் அறியாத பொருளா?" என்று நீங்கள் வினவலாம். ‘கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்னும் பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தூய்மையின் சிறப்பை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்தத் தூய்மையைப் பேணும் வேலை யார் தோள்மீது விழுகின்றது, அந்தச் சுமையை எவ்வாறு குறைப்பது என்பவற்றையே நாம் ஆராய வேண்டும்.

விடியுமுன் எழுந்து, சமைத்து வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்தி, மரம் வெட்டச் சென்று, மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்து, நிறுவைக்குக் கொடுத்துவிட்டு ஒரு தாய் வீடு திரும்புகின்றாள். அங்கே அவளுக்கு மற்றொரு வேலைநாள் காத்திருக்கின்றது. கழுவாத பாத்திரம், துவைக்காத துணி, கூட்டாத திண்ணை! களைப்பினால் அவள் சிலவற்றை நாளைக்கெனத் தள்ளிவைக்கின்றாள். தள்ளிவைத்தவை மலையாகக் குவிகின்றன. பின்னர், தீபாவளிக்கு முதல்நாள் அம்மலையை ஒருத்தியே பெயர்க்க முற்படுகின்றாள். விளைவு யாது? இடுப்புவலி, சினம், சச்சரவு. பண்டிகை நாளிலே வீடு பளிச்சிடுகின்றது. இல்லத்தரசியின் முகமோ வாடிக் கிடக்கின்றது. இந்நிலை மாற வேண்டாவா?

மாற்றும் வழியை அறிய, நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரை ஒரு கணம் நோக்குவோம். நம்மவர் பெருமளவிற் கூடும் சிராங்கூன் சாலையை அடுத்துள்ள வட்டாரம் ஃபேரர் பார்க். 1933ஆம் ஆண்டு வரை அங்கே குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. அக்காலத்தில் சுற்றுப்புறத்திலே மாட்டுக் கொட்டில்களும் இருந்தன. அருகிலுள்ள இடத்திற்கு வழங்கிய ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்ப் பெயரின் பொருள் எருமைத் தொழுவம் என்பதே. கடைவீடுகளின் மாடிகளிலே பல குடும்பங்கள் தட்டிகளால் தடுத்த அறைகளில் நெருங்கி வாழ்ந்து, ஒரே அடுக்களையையும் ஒரே குழாயையும் பயன்படுத்தின. 1960ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின் மக்கள் படிப்படியாக அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். 1968ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நாடெங்கும் தூய்மை இயக்கமும் தொடங்கப்பெற்றது. அவ்வட்டாரத்தின் இன்றைய வாழ்க்கையிலிருந்து நம் வீட்டிற்கு ஏற்ற மூன்று பாடங்களை நாம் பெறலாம்.

முதற் பாடம், உண்டவரே தட்டை எடுப்பது. ஃபேரர் பார்க்கை ஒட்டிய பெக் கியோ சந்தையிலும், சற்றுத் தொலைவிலுள்ள தேக்கா நிலையத்திலும் உணவங்காடிகள் உள்ளன. முன்பெல்லாம் உண்டவர் தட்டை மேசையிலேயே விட்டுச் செல்வர். துப்புரவுத் தொழிலாளர்களே, அவர்களிலும் பலர் முதியவர்கள், அவற்றைச் சுமந்து திரிந்தனர். 2021ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து சிங்கப்பூரின் உணவங்காடிகளில், உண்டவரே தட்டை உரிய இடத்தில் சேர்த்தல் வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. அங்காடியிலே அயலாருக்குச் செய்யும் இவ்வுதவியை வீட்டிலே பெற்ற தாய்க்குச் செய்ய நமக்கு மனம் வரலாகாதா? உண்டவர் தம் தட்டைத் தாமே கழுவி வைத்தால், ஐவர் உள்ள குடும்பத்திலே தாயின் கைக்கு வேளைக்கு நான்கு தட்டுகள் குறையும்.

இரண்டாம் பாடம், நாள் குறித்துச் செய்வது. அவ்வுணவங்காடிகளில் அன்றாடத் துப்புரவு தவறாது நடைபெறுகின்றது. அத்துடன் ஆண்டிலே சில முறை, முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட நாட்களில் கடைகளை மூடிவிட்டு, நிலையம் முழுவதையும் கழுவுகின்றனர். நாள்தோறும் செய்வது வேறு, நாள் குறித்துச் செய்வது வேறு என்று பிரித்துக்கொண்டமையால் எதுவும் மலையாகக் குவிவதில்லை.

மூன்றாம் பாடம், முதலிடம் எதற்கு என்பதை அறிவது. எல்லா அழுக்கும் ஒரே தன்மையன அல்ல. அலமாரியின் மேலுள்ள தூசி ஒரு வாரம் காத்திருக்கும். தேங்கிய நீர் காத்திராது. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நம் போன்ற வெப்ப நாடுகளில் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர்ந்துவிடும். ஆதலின் அடுக்குமாடி வீட்டார் பூச்சாடியின் நீரை மாற்றவும், வாளிகளைக் கவிழ்த்து வைக்கவும், துணி உலர்த்தும் மூங்கிற் கழிகளைச் செருகும் குழாய்களை மூடி வைக்கவும் அறிவுறுத்தப்படுகின்றனர். இவற்றுக்கெல்லாம் பத்து நிமிடமே போதும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். அங்கே ஒட்டிக்கொண்ட முட்டைகள் ஈரமின்றியும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும்.

அன்பர்களே! இப்பாடங்களை நம் தோட்ட வீட்டிற்குப் பொருத்திப் பார்ப்போம். உண்மையில் உங்கள் தொழிலே உங்களுக்கு இதனைக் கற்பித்திருக்கின்றது. பால்வாளியை அன்றன்றே கழுவாவிட்டால் என்ன நேரும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒட்டிய பால் காய்ந்து இறுகிவிடும். அந்த அழுக்கு மறுநாள் எடுக்கும் பாலையும் முன்னதாகவே திரியச் செய்யும். உடனே கழுவினால் ஒரு நிமிட வேலை. மறுநாள் கழுவினால் சுரண்டும் வேலை. சமையற் சட்டிக்கும் இதே நியாயந்தான். உடனே கழுவ இயலாதபோது அதில் நீரையாவது ஊற்றி வையுங்கள்.

வேலையை இவ்வாறு பங்கிட்டுக்கொள்ளலாம். நாள்தோறும் செய்ய வேண்டியவை நான்கு: பாத்திரம் கழுவுதல், அடுப்பங்கரையைத் துடைத்தல், வீட்டைக் கூட்டுதல், குப்பையை அகற்றுதல். வாரத்திற்கு ஒருமுறை செய்யத்தக்கவை நான்கு: தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவி மூடுதல், கழிப்பறையைத் தேய்த்தல், படுக்கை விரிப்புகளைத் துவைத்தல், வீட்டைச் சுற்றிக் கிடக்கும் சிரட்டை, தகரக்குவளை, பழைய டயர் ஆகியவற்றை அப்புறப்படுத்துதல். ஒட்டடை அடித்தல், கூரைத் தாழ்வாரத்தைத் துப்புரவு செய்தல் முதலியவற்றை மாதம் ஒருமுறை செய்தால் போதும். பயன்படாத பால் மங்குகள் வீட்டருகே இருப்பின் அவற்றையும் கவிழ்த்து வையுங்கள்; மழைநீர் தங்கினால் அவையும் கொசுவின் தொட்டிலாகும்.

இப்பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒருவர் பெயரைக் குறித்துச் சுவரில் ஒட்டுங்கள். ஆறு வயதுக் குழந்தை செருப்புகளை வரிசையாக அடுக்கும். பத்து வயதுப் பிள்ளை வீட்டைக் கூட்டும். மகளுக்கு மட்டும் பெயரிட்டு மகனை விட்டுவிடாதீர்கள். விளக்குமாற்றைத் தொடுவது ஆண்மைக்கு இழுக்கு என்று எண்ணுவோரும் உளர். அவர்களை ஒன்று கேட்கின்றேன்: தோட்டத்திலே வாளியையும் மங்கையும் கழுவும் அதே கைகள் வீட்டிலே ஒரு சட்டியைக் கழுவினால் குறைந்துவிடுமா? கணவரே, மனைவியும் உம்மைப் போலவே மரம் வெட்டிக் களைத்து வந்தவள் அல்லளோ?

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். வேலை விரைவில் முடியட்டும் என்று வெளுப்பு மருந்தையும், அமிலம் கலந்த கழிப்பறை மருந்தையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். அக்கலவையிலிருந்து குளோரின் என்னும் நச்சுக்காற்று எழும். அது மூச்சுக்குழலையும் நுரையீரலையும் தாக்கும். பாலை உறையவைக்கும் அமிலத்தை வீட்டுத் துப்புரவுக்கென்று கொண்டுவர வேண்டா. களைக்கொல்லி மருந்து இருந்த கலனை எத்தனை முறை கழுவினாலும் அதில் தண்ணீர் பிடித்து வைத்தல் கூடாது. எந்த மருந்தையும் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் அறியாது எடுத்துப் பருகும் அபாயம் உண்டு.

நிறைவாக ஒன்று கூறுவேன். இல்லம் கண்ணாடிபோல் மின்ன வேண்டும் என்னும் கவலையை விடுங்கள். நோய் அணுகாமல், வேண்டிய பொருள் வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டுமாறு இருந்தால் அதுவே தூய இல்லம். அத்தகைய இல்லத்திலே தாய்க்கும் அந்தியிலே அரைமணி நேரம் அமர்ந்திருக்க ஓய்வு கிடைக்க வேண்டும். இன்று மாலையே குடும்பத்தார் அனைவரும் கூடி அமருங்கள். வேலைகளைப் பட்டியலிடுங்கள், பெயர்களை எழுதுங்கள். வருகின்ற தீபாவளிக்கு முதல்நாள் உங்கள் வீட்டிலே பலகாரத்தின் மணமும் சிரிப்பொலியும் நிறைந்திருக்கட்டும்.