வாரண்டி முடிந்தால் உரிமையும் முடியுமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் நாடகமும் கண்டு களிக்க வந்திருக்கும் உங்கள் முன்னிலையில், பழுதடைந்த குளிர்சாதனப் பெட்டியைப் பற்றிப் பேச நேர்ந்ததற்குப் பொறுத்தருள வேண்டும். "குடும்பங்களுக்குப் பயன்படும் செய்தியாக ஒன்று சொல்லுங்கள்" என்று செயலாளர் பணித்தார். நாம் பண்டிதரும் அல்லோம், வழக்கறிஞரும் அல்லோம். ரயில்வே சரக்கு அலுவலகத்தில் ரசீது எழுதிப் பழகிய கை நமது கை. ஆயினும், சென்ற கோடையில் எங்கள் இல்லத்தில் நேர்ந்த ஓர் அனுபவம் எங்களுக்குச் சில பாடங்களைக் கற்பித்தது. அதையே உங்கள் முன் வைக்கிறோம்.

முன்பிருந்த ஊரில் ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கினோம். வாரண்டி ஓராண்டு. அந்த ஓராண்டு முடியும் தறுவாயில் மாற்றல் உத்தரவு வந்து, பெட்டியும் நாங்களும் இவ்வூர் வந்து சேர்ந்தோம். வந்து இரண்டு மாதம் ஆவதற்குள் பெட்டி நின்றுவிட்டது. பால் திரிந்தது; அரைத்து வைத்த மாவு பொங்கி வழிந்தது. நிறுவனத்திலிருந்து வந்த மெக்கானிக் பின்புறத்தைத் திறந்து பார்த்து, "போர்டு போய்விட்டது. வாரண்டியும் முடிந்துவிட்டது. நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் ஆகும். லாரியில் ஏற்றி இறக்கியதில் பழுதாகியிருக்கும்" என்று இந்தியில் சொன்னார்.

பணத்தை எடுக்க நாம் உள்ளே போனோம். அப்போது எங்கள் இல்லத்தரசி, "பத்தாவது மாதத்திலேயே குளிர் குறைகிறதென்று ஆளை வரவழைத்தோமே, மறந்துவிட்டீர்களா? அவரும் இதே போர்டைத்தானே கழற்றி மாட்டிவிட்டுப் போனார்? அப்போது நாம் லாரியையே கண்ணால் பார்க்கவில்லையே!" என்றார்.

உண்மைதான். ஆனால் அன்று வந்தவர் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கொடுக்கவில்லை; நாமும் கேட்கவில்லை. நாள் தவறாமல் பிறருக்கு ரசீது எழுதித் தரும் நாம், நமக்கு வேண்டிய ரசீதைக் கேட்க மறந்தோம்! நல்ல வேளையாக, அன்று நிறுவனத்தார் அனுப்பிய புகார் எண் எங்கள் மகளின் கைப்பேசியில் அழியாமல் இருந்தது. அந்த எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினோம். இரண்டு வாரம் பதிலில்லை. பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டோம். மேலும் மூன்று வாரம் கழித்து, போர்டை இலவசமாக மாற்றித் தருவதாகவும், ஆள் வரும் கூலியை மட்டும் நாங்கள் தரவேண்டும் என்றும் செய்தி வந்தது. ஒப்புக்கொண்டோம். முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. ஆயினும் நியாயத்தின் பெரும் பகுதி கிடைத்தது.

அன்பர்களே! வாரண்டி என்பது என்ன? இன்ன காலம் வரை இன்ன பழுதைச் செலவின்றிச் சரிசெய்து தருவோம் என்று நிறுவனம் எழுதித் தரும் வாக்குறுதி. அந்தக் காலம் முடிந்தால் அந்த வாக்குறுதி முடிகிறது. அத்துடன் நம் உரிமையெல்லாம் முடிந்துவிடுவதில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விற்கும் பொருள் உரிய தரமுடையதாக இருக்கவேண்டும் என்பதைச் சில சூழ்நிலைகளில் சொல்லாமலே அடங்கிய நிபந்தனையாகக் கொள்கிறது. 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2019-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பொருளின் தரத்தில் உள்ள எந்தக் குறையையும் முறையிடத்தக்க குறைபாடாக அச்சட்டம் கருதுகிறது. ஆகவே, உற்பத்தியிலேயே இருந்த குறை பிந்தி வெளிப்பட்டால், வாரண்டி முடிந்தது என்ற ஒரே காரணத்தால் நாம் வாய்மூடி இருக்கவேண்டியதில்லை.

ஆனால், குறை பிறவியிலேயே இருந்தது என்பதைக் காட்டும் பொறுப்பு நம்முடையது. இங்கே நாம் நேர்மையாகவும் இருக்கவேண்டும். எங்கள் வீட்டு மாவரைக்கும் கிரைண்டர் ஒன்பது ஆண்டு உழைத்தபின் அதன் பெல்ட் அறுந்தது. அதற்கு யார்மேல் வழக்குப் போடுவது? தேய்ந்தது தேய்ந்ததுதான், நம் காசில் மாற்றினோம். தேய்மானம் வேறு, பிறவிக் குறை வேறு. சில மாதங்களிலேயே பழுது தோன்றுவதும், அதே பழுது மீண்டும் மீண்டும் வருவதும், வாரண்டிக் காலத்திலேயே புகார் செய்திருப்பதும் பிறவிக் குறைக்குச் சான்றாக நிற்கக்கூடியவை.

இன்னொன்று. வாரண்டி அட்டையை முழுவதும் படியுங்கள். பல குளிர்சாதனப் பெட்டிகளுக்குப் பொதுவாக ஓராண்டு வாரண்டி என்றாலும், கம்ப்ரஸருக்கு மட்டும் பத்தாண்டு என்று தனியே எழுதியிருக்கும். அதை அறியாமல் நான்காம் ஆண்டில் கம்ப்ரஸருக்கு முழு விலை கொடுப்பவர் உண்டு. கம்ப்ரஸர் இலவசம் என்றாலும், வாயு நிரப்புவதற்கும் கூலிக்கும் பணம் கேட்கலாம். அதுவும் அந்த அட்டையிலேயே பொடி எழுத்தில் இருக்கும். கூடுதல் பணம் கட்டி வாரண்டியை நீட்டிப்பவர்கள், அதைத் தருவது உற்பத்தி நிறுவனமா, கடைக்காரரா, வேறொருவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

நிறுவனம் செவிசாய்க்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஊர் ஊராக மாற்றலாகிச் செல்லும் நம்மைப் போன்றவர்களுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பேருதவி செய்திருக்கிறது. பொருள் வாங்கிய ஊருக்குப் போய்த்தான் வழக்குத் தொடுக்கவேண்டும் என்பதில்லை; நாம் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ தொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். பழுதை நிபுணர் சோதித்தறிய வேண்டுமானால் ஆணையம் பொருளைச் சோதனைச் சாலைக்கு அனுப்பலாம். அதற்கான செலவை முதலில் நாம் கட்டவேண்டி வரலாம். சாதனத்தின் குறையால் தீப்பற்றி ஆளுக்கோ வீட்டுக்கோ கேடு நேர்ந்தால், அதற்கு நஷ்டஈடு கோரவும் அச்சட்டத்தில் தனி அத்தியாயம் உண்டு.

பழுது பார்க்கும் வழியைப் பொதுமக்கள் அறியவேண்டும் என்பதற்காக, மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-இல் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. இணைந்த நிறுவனங்களின் உதிரிப் பாகங்கள், வாரண்டி, சேவை நிலையங்கள் ஆகியவை பற்றிய விவரங்களை அதில் காணலாம்.

இவையெல்லாம் இருந்தும் காகிதம் இல்லையேல் பயனில்லை. ரயிலில் அனுப்பிய சரக்கு சேதமானால், ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் நஷ்டஈடு கோரவேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம். ரசீதைத் தொலைத்துவிட்டு, நாள் கடந்து வந்து, கண்ணீர் விடுபவர்களை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அவர்கள் பொய்யர்கள் அல்லர். ஆனால் அவர்களுடைய உண்மைக்குச் சாட்சி இல்லை. வீட்டுச் சாதனத்துக்கும் இதே நியதிதான். பில், வாரண்டி அட்டை, சாதனத்தின் வரிசை எண், புகார் எண், மெக்கானிக் எழுதித் தரும் வேலைச் சீட்டு ஆகிய ஐந்தையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். அச்சிட்ட பில் நாளடைவில் மங்கிவிடலாம். வாங்கிய அன்றே அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் எதுவும் எழுதித் தராமல் வாசற்படி தாண்ட விடாதீர்கள்.

இறுதியாக, தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பகலில் வீட்டிலிருந்து மெக்கானிக்கிடம் பேசவேண்டியவர்கள் பெரும்பாலும் நீங்களே. அவர் மொழி சரளமாக வரவில்லையே என்று கூசி, கேட்ட பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவது நம் காலனியில் வழக்கமாகிவிட்டது. அந்தக் கூச்சம் வேண்டாம். 1915-இல் தமிழிலும் பேசலாம். எங்கள் வீட்டில் நாலாயிரத்து எண்ணூறு ரூபாயைக் காத்தது நமது அலுவலக அனுபவமன்று. ஓர் இல்லத்தரசியின் ஞாபகம். அந்த ஞாபகத்தைக் காகிதத்தில் ஏற்றி வைத்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் அது காவலாகும்.

கடிதம் எழுதவோ மனுத் தயாரிக்கவோ இயலாத முதியோரும் தனித்து வாழ்வோரும் நம்மிடையே உண்டு. ஞாயிறுதோறும் சங்கக் கட்டிடத்தில் ஒரு மணி நேரம் அவர்களுக்கு எழுதித் தர நாங்கள் சிலர் சித்தமாக இருக்கிறோம். அந்த உறையைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.