கால் வேலி நிலமும் கல்விக்கடனும்



உத்திரமேரூர் என்றதும் பள்ளிப் பிள்ளைக்குக்கூடக் குடவோலை நினைவுக்கு வரும். வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டி வைத்த கல்வெட்டுகள். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடத்தில் ஒருவர் பெயரைப் போட அவருக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் விவரமாக இருக்கிறது. வயது 35க்கு மேல், 70க்குள். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல். இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று அதிகம். சொந்த மனையில் கட்டிய வீடு. வேதக் கல்வி. அடுத்து வருவது சுவையான இடம். அரைக்கால் வேலிதான் இருக்கிறது, ஆனால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவர் என்றால் அவர் பெயரையும் போடலாமாம். படித்தவருக்கு நிலத்தில் பாதி தள்ளுபடி! அது பிராமணர்களின் சபை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஏர் ஓட்டியவர்கள் பெயரோ, எந்தப் பெண்ணின் பெயரோ அந்தக் குடத்தில் விழுந்ததில்லை.

கல்வெட்டுப் பாடம் நடத்த நான் வரவில்லை. வங்கியில் கடன் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். வெளிநாட்டில் படிக்கக் கடன் கேட்டு மானாம்பதியிலிருந்தும் சாலவாக்கத்திலிருந்தும் பெருநகரிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த அப்பாக்களிடம் நான் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான். நிலம் எவ்வளவு? வீடு யார் பேரில்? பையன் என்ன படித்திருக்கிறான்?

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தச் சபை நிலத்தைத்தான் முதலில் பார்த்தது. வங்கியோ நன்செய்யைக் கண்டால் கையை விரித்துவிடும். ஏரிப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நெல் விளைகிற நிலம், சந்தை விலையில் கோடி பெறும், ஆனாலும் கல்விக்கடனுக்கு அடமானமாக எடுக்கப் பெரும்பாலான வங்கிகள் தயங்கும். காரணம் இருக்கிறது. கடனைத் திருப்பாவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை ஏலம்விட வங்கிக்கு அதிகாரம் தருகிற 2002ஆம் ஆண்டுச் சட்டம், சர்ஃபேசி சட்டம், விவசாய நிலத்தை விலக்கி வைத்திருக்கிறது. உழவனைக் காப்பாற்ற வைத்த விதி, உழவன் மகள் கடன் கேட்கும்போது குறுக்கே நிற்கிறது. வீடு? நம் கிராமங்களில் பாதி வீடுகள் நத்தத்தில். தாத்தா பேரில் பட்டா, நான்கு பங்காளிகள், பாகப்பிரிவினை வாய்மொழியில். இப்படித்தான் நிலபுலன் உள்ள குடும்பம்கூட வெறுங்கையோடு திரும்பிப் போகிறது.

பொதுவான நடைமுறை இது: 4 லட்சம் வரை ஈடு தேவையில்லை, ஏழரை லட்சம் வரை இன்னொருவர் ஜாமீன், அதற்கு மேல் சொத்து. ஆனால் பேர்பெற்ற பல்கலைக்கழகங்களின் பட்டியல் ஒன்றை வங்கிகள் வைத்திருக்கின்றன. அதில் இடம் கிடைத்த பிள்ளைக்கு ஈடில்லாமலே பல லட்சம் தருகிறார்கள். அரைக்கால் வேலிக்காரனுக்குக் கல்வெட்டு காட்டிய சலுகை, பெயர் மாறி இன்னும் இருக்கத்தான் செய்கிறது.

நிலமே இல்லாதவர்கள்? அவர்களுக்கென்றே மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. ஆண்டுக்கு 125 இடம். பெரும்பகுதி பட்டியல் சாதி மாணவர்களுக்கு. நிலமற்ற விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் விண்ணப்பிக்கலாம். தமிழக அரசு, ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் தனியாக ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 36 லட்சம் வரை கிடைக்கும். இது கடன் கிடையாது, உதவித்தொகை. இதைக் கேள்விப்படாமலே மூன்று வட்டிக்கு வெளியில் வாங்கிவிட்டு, பிறகு மீதிப் பணத்துக்கு என் மேசைக்கு வந்தவர்கள் உண்டு.

சரி, பணம் கிடைத்தது, விமானம் ஏறியாயிற்று. எல்லோரும் கணக்கை இங்கே மூடிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கணக்கு ஆரம்பிப்பதே படிப்பு முடிந்த மறுநாள்தான். ஒரு பக்கம் அந்த நாட்டின் கடிகாரம்: படித்து முடித்தவனுக்கு வேலை தேட எத்தனை மாதம் கொடுக்கிறது? இன்னொரு பக்கம் வங்கியின் கடிகாரம்: தவணை எந்த மாதம் தொடங்குகிறது? இரண்டும் சேர்ந்து ஓடுவதில்லை.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகலை ஒரே வருடம். அதற்குப் பிறகு இரண்டு வருடம் தங்கி வேலை பார்க்கலாம் என்று 2021இல் கொண்டுவந்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. அதற்குமேல் தங்க வேண்டுமென்றால் ஸ்பான்சர் செய்ய உரிமம் உள்ள நிறுவனம் வேலை தர வேண்டும். சம்பளமும் அரசு சொல்லும் அளவுக்கு இருக்க வேண்டும். 2025 ஜூலையில் பொதுவான அளவை ஆண்டுக்கு 41,700 பவுண்டாக்கினார்கள். புதிதாகப் படித்து வருகிற இளைஞர்களுக்கு 33,400. குடோனில் பெட்டி அடுக்கும் வேலையில் அந்தச் சம்பளம் எட்டாது. முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையும் அதே ஜூலையில் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது வங்கிப் பக்கம். 25 லட்சம் கடன், 10 சதவீத வட்டி. படிப்பு ஒரு வருடம், சலுகைக் காலம் ஒரு வருடம். அதற்குள் வட்டி மட்டும் 5 லட்சம் ஏறும். 30 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 39,650 ரூபாய். அங்கே நல்ல வேலை அமைந்தால் இது பெரிய தொகை இல்லை. அமையாமல் திரும்பி வந்து, கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்தில் ஒப்பந்த வேலைக்குப் போகிற பையன் இதை எங்கிருந்து கட்டுவான்?

ஒரகடத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஜெர்மனிக்கு வருகிறேன். டைம்லர் லாரித் தொழிற்சாலை அங்கே 2012இலிருந்து ஓடுகிறது. ஜெர்மன் கம்பெனி என்பது நம் பையன்களுக்குப் பழகிய பேச்சு. அந்த நாட்டில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் போன்ற சில இடங்களில் மட்டும் நம்மவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். பிறகு எதற்குப் பணம்? சாப்பாட்டுக்கும் வாடகைக்கும். விசா கேட்கும்போதே 11,904 யூரோவை ஒரு முடக்கிய கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். பிளாக்டு அக்கவுண்ட் என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். இது கட்டணம் என்று நினைத்துப் பயந்து விலகியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உங்கள் பணம். மாதம் 992 யூரோவாக உங்கள் பிள்ளையின் கைக்கே திரும்பி வரும். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம். அங்கேயே படித்தவர், தகுதியான வேலையில் இரண்டு வருடம் இருந்தால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். ஆனால் ஜெர்மன் மொழி தெரியாமல் அங்கே வேலை தேடுவது, தமிழ் தெரியாதவர் நம் ஊர் வாரச்சந்தையில் கடை போடுகிற மாதிரி. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், வேலை ஜெர்மனில் நடக்கும். ஆகவே பட்டப்படிப்பின் இரண்டாம் வருடத்திலேயே மொழியைத் தொடங்கிவிட வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான்.

இவ்வளவு நல்ல வழி இருக்க, ஏஜென்ட் ஏன் இதைச் சொல்வதில்லை என்று ஒரு தாய் கேட்டார். கட்டணம் வாங்குகிற பல்கலைக்கழகம் அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கை ஏஜென்டுக்குக் கொடுக்கும். கட்டணமே வாங்காத அரசுப் பல்கலைக்கழகம் எதைக் கொடுக்கும்? எல்லா ஏஜென்டும் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் எந்தப் பக்கம் கூலி வாங்குகிறார் என்று தெரிந்துகொண்டு அவர் பேச்சைக் கேளுங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய உறவினர் பெயரையும் குடத்தில் போடக்கூடாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். படிப்புக்கு அனுப்புகிற கன்சல்டன்சிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே அவரிடம் கணக்குக் கேட்பது உங்கள் வேலையாகிறது.

பிலிப்பைன்ஸ் கதை இதற்கு நல்ல சாட்சி. நம் பக்கத்தில் அந்த நாட்டின் பெயரைச் சொன்னால் டாக்டர் படிப்பு என்பார்கள். டவாவோ நகரம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கும் அங்கே மருத்துவம் படிக்கலாம் என்பது தெரியும். 2021 நவம்பர் 18இல் தேசிய மருத்துவ ஆணையம் விதியை மாற்றியது. மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம், அதன்பின் 12 மாதம் பயிற்சி, அந்த நாட்டுக் குடிமகனுக்குச் சமமாக அங்கே தொழில் செய்யும் உரிமத்துக்குத் தகுதி. அங்கே முதலில் படிக்கும் பி.எஸ். வருடங்கள் மருத்துவப் படிப்புக் கணக்கில் சேராது என்று ஆனது. பழைய விதியை நம்பி அட்வான்ஸ் கட்டத் தயாரான குடும்பங்கள் தவித்துப் போயின. இதில் ஒரு வேடிக்கை: அதே பிலிப்பைன்ஸ் தன் பிள்ளைகளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும்போது, புறப்படும் முன் கட்டாயமாக ஒரு வகுப்பு நடத்துகிறது. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது, பிரச்சினை வந்தால் யாரிடம் போவது என்று சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புகிறது. 2021இல் இதற்கென்றே தனித் துறையும் அமைத்துக்கொண்டது. நம்மிடம் மாணவர்களுக்கு அப்படி ஒரு கட்டாய வகுப்பு இல்லை. டீக்கடையில் யாரோ சொன்னதும், யூடியூபில் பார்த்ததும்தான் வகுப்பு.

கடன் வாங்கவே முடியாத வீட்டுக்கும் ஒரு வழி சொல்கிறேன். பிளஸ் டூ முடித்து, ஜெர்மன் மொழியில் பி2 நிலை எட்டினால், ஜெர்மனியில் மூன்று வருட செவிலியர் தொழிற்பயிற்சி. அவுஸ்பில்டுங் என்பார்கள். இதில் நீங்கள் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. அவர்களே மாதம் 1,000 யூரோவுக்கு மேல் சம்பளமாகத் தருகிறார்கள். பயிற்சி முடிந்ததும் ஆள் தட்டுப்பாடு உள்ள தொழில் என்பதால் வேலை காத்திருக்கும். இங்கேயே நர்சிங் முடித்தவர்கள் கிண்டியில் உள்ள தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் நேரே விசாரிக்கலாம். உத்திரமேரூரில் பஸ் ஏறினால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அதற்கு எந்த இடைத்தரகரும் தேவையில்லை.

கடைசியாகப் பெற்றோருக்கு. கல்விக்கடன் பத்திரத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்கும், நீங்களும் கடன்காரர்தான். பிள்ளை லண்டனில் தவணை தவறினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக் கதவுக்கு வரும், உங்கள் சிபில் ஸ்கோர் விழும், பிறகு பயிர்க்கடன் கேட்கும்போது அது தெரியும். பிள்ளையின் உயிருக்குக் காப்பீடு கடனோடு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். தவணை தொடங்கும் மாதத்தை எழுதி வாங்குங்கள். பத்திரத்தைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்படாதீர்கள். சொல்ல வேண்டியது மேலாளர் வேலை. அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.