மருந்து டப்பாவைத் திறப்போம்



உங்கள் வீட்டில் மாத்திரை டப்பா இருக்கிறதா? போன வருடக் காய்ச்சலுக்கு வாங்கியது, பாட்டி சாப்பிட்டு மீந்தது எல்லாம் அதில் கிடக்கும். ஒரு நாள் எல்லாவற்றையும் குப்பை மேட்டில் கொட்டுவோம். சாக்கடையில் போடுவோம். தொலைந்தது என்று நினைப்போம்.

ஆனால், மருந்து அவ்வளவு சீக்கிரம் தொலையாது.

ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டன்சேரு என்று ஓர் ஊர். அங்கே சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீர் ஒரே சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்தது. சுத்தம் செய்து வெளியே விட்ட நீரை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். 2007-ல் முடிவு வெளிவந்தது. அதில் சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. இது நோய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்து. ஒரு நாளைக்குச் சுமார் 45 கிலோ மருந்து நீரோடு வெளியே போனது!

அதனால் என்ன கெடுதல்? தண்ணீரில் மருந்து கலந்தால் பலவீனமான கிருமிகள் சாகும். பலமான கிருமிகள் பிழைக்கும், பெருகும். அந்தக் கிருமி நம் பிள்ளையைத் தாக்கினால், டாக்டர் கொடுக்கும் மருந்து வேலை செய்யாது.

"அது ஆலைக் கழிவு. என் பத்து மாத்திரையா ஊரைக் கெடுக்கும்?" என்று கேட்பீர்கள். ஆலைக் கழிவை ஆலையும் அரசும்தான் தடுக்க வேண்டும். ஆனால், நம் வீட்டு மாத்திரை நம் பொறுப்பு. மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை எடுத்துத் தின்றால் என்ன ஆகும்? யோசியுங்கள்.

என்ன செய்யலாம்?

1. டாக்டர் எழுதிய அளவு மட்டும் வாங்குங்கள். சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். அப்போது மீதமே இருக்காது.

2. அட்டையில் உள்ள காலாவதித் தேதியைப் பாருங்கள். 06/2025 என்றால் 2025 ஜூன் கடைசி வரைதான்.

3. மீந்த மருந்தை எரிக்காதீர்கள். அடுத்த வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள்.

4. அதைக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கட்டி, குப்பை வாங்க வருபவரிடம் சொல்லிக் கொடுங்கள்.

மீந்த மருந்தைச் சேகரிக்கும் திட்டத்தைக் கேரள அரசு 2025-ல் கோழிக்கோட்டில் தொடங்கியது. நம் ஊருக்கும் அது வேண்டும் என்று கிராம சபையில் கேட்போம்.

இன்று வீட்டுக்குப் போனதும் டப்பாவைத் திறங்கள். தேதியை நீங்களே படியுங்கள். நாம் கற்ற எழுத்தும் எண்ணும் இதற்கும்தான்.