கத்தரிக்கோல் பிடிக்கிற பிள்ளைக்கும் சட்டம் உண்டு

(கிள்ளானில் ஒரு தாமான் மண்டபத்தில், எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளுக்கும் பெற்றோர்களுக்கும் சிகையலங்காரத் தொழிலில் இருக்கும் சகோதரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

ஞாயிற்றுக்கிழமை சமையலைக்கூட ஒத்திப்போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். பின்னால் நிற்கிற அண்ணன்மார்கள் உள்ளே வந்து உட்காருங்கள், நாற்காலி இருக்கிறது. அழகுக்கலை என்றால் பெண்களுக்கு மட்டும்தான் என்று வாசலிலேயே நிற்காதீர்கள்.

போன வாரம் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "மகள் முடி வெட்டப் படிக்கணும்னு அடம்பிடிக்கிறா. நம்ம சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க?" அவர் எதை மனத்தில் வைத்துக் கேட்டார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முடி வெட்டுவதை ஒரு சாதியின் தலையில் கட்டி, அந்தச் சாதியின் பெயரையே வசைச் சொல்லாக ஆக்கி வைத்தவர்கள் நாம். கப்பலேறி வந்து தோட்டத்தில் பால் மரம் சீவியபோதும் அந்தப் பேச்சை மட்டும் மறக்காமல் மூட்டை கட்டிக்கொண்டு வந்தோம். அரசாங்கம் நம்மை ஒதுக்குகிறது என்று மேடை போட்டுப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் நம் வீட்டுக்குள் ஒதுக்குகிறோமே, அதை யார் பேசுவது?

இதன் விளைவைப் பாருங்கள். இந்தியர் நடத்தும் முடிதிருத்தும் நிலையங்கள், ஜவுளிக் கடைகள், பொற்கொல்லர் பட்டறைகள் ஆகியவற்றுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுப்பது 2009-இல் நிறுத்தப்பட்டது. ஆளில்லாமல் கடைகள் மூடுகின்றன என்று முதலாளிகள் பல வருடம் கத்தினார்கள். 2023 செப்டம்பரில்தான் அந்த மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 பேரை எடுக்க அரசாங்கம் இணங்கியது. நம் பிள்ளைகள் வருவதில்லை என்கிறார் முதலாளி. கொடுக்கிற சம்பளத்துக்கு யார் வருவார் என்கிறான் பையன். இரண்டுமே உண்மை. ஆனால் பையன் கேட்கிற கேள்விக்கு முதலில் பதில் சொல்லாமல், பையனைச் சோம்பேறி என்று திட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். பதினேழு வயதில் ஒரு சலூனில் சேர்ந்தேன். முதல் எட்டு மாதம் கத்தரிக்கோலைத் தொடவே விடவில்லை. தலை கழுவுவது, துண்டு துவைப்பது, தரையில் விழுந்த முடியைக் கூட்டுவது, இவ்வளவுதான். அதில் தப்பில்லை, எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம். தப்பு எங்கே என்றால், நான்கு வருடம் வேலை செய்தும் என் பெயரில் ஊழியர் சேமநிதியில் ஒரு காசு இல்லை. சொக்சோவும் இல்லை. ஒரு தீபாவளிக்கு முந்தின இரவு, ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. முடி வெட்டுகிறவளுக்கு மணிக்கட்டுதான் சோறு. மூன்று மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தேன். "உன்னை மகள் மாதிரிதானே வைத்திருந்தேன்" என்றார் முதலாளியம்மா. மகள் மாதிரி வேண்டாம் அக்கா, தொழிலாளி மாதிரி வைத்திருந்தால் போதும் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு உங்களிடம் சொல்கிறேன்.

ஆகவே தங்கைகளே, தம்பிகளே, வேலைக்குச் சேரும் நாளில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் பெரிய இடங்களுக்கு வந்தது. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் சின்னக் கடைகளுக்கும் 2025 ஆகஸ்ட் 1 முதல் வந்துவிட்டது. "நீ பயிற்சியில் இருக்கிறாய், உனக்கு அலவன்ஸ்தான்" என்று சொன்னால், பயிற்சி ஒப்பந்தம் எங்கே என்று கேளுங்கள். வேலைச் சட்டத்தின்படி அது எழுத்தில் இருக்க வேண்டும். குறைந்தது 6 மாதம், கூடிப்போனால் 24 மாதம். வாய்ப் பேச்சு ஒப்பந்தம் ஆகாது. வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம், 2023 ஜனவரி 1 முதல் அப்படி. வாரம் ஒரு நாள் ஓய்வு. சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு. 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கைப்பேசியில் கேம் விளையாடுகிறீர்களே, அதே கைப்பேசியில் மாதம் ஒரு முறை சேமநிதிக் கணக்கைத் திறந்து பாருங்கள். நான் பார்க்காமல் விட்டதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

இன்னொன்று. தீபாவளி, சட்டம் கட்டாயமாக்கிய ஐந்து பொது விடுமுறைகளில் ஒன்று அல்ல. ஆச்சரியப்படாதீர்கள், அப்படித்தான் இருக்கிறது. மீதி ஆறு நாளை முதலாளி தேர்ந்தெடுத்து அறிவிக்கலாம். உங்கள் கடையின் அறிவிப்பில் தீபாவளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, அன்றைக்கு உங்களை வேலைக்குக் கூப்பிட்டால், விடுமுறைச் சம்பளம் போக மேலும் இரண்டு நாள் சம்பளம் உங்களுக்குச் சேர வேண்டும். கொடுக்கவில்லையா? தொழிலாளர் இலாகாவில் புகார் செய்ய வக்கீல் வேண்டாம், பணம் வேண்டாம். சம்பளச் சீட்டும், வேலை நேரத்தை நீங்களே எழுதி வைத்த நோட்டும் வேண்டும்.

சரி, எங்கே படிப்பது? இங்கேதான் நம்மவர்கள் நிறைய ஏமாறுகிறார்கள். முகநூலில் "பத்து நாளில் அழகுக்கலை டிப்ளோமா" என்று போடுகிறார்கள். தங்கச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டுகிறீர்கள். கடைசியில் பளபளக்கும் தாளில் ஒரு சான்றிதழ். அதை எடுத்துக்கொண்டு போனால் யாரும் மதிப்பதில்லை. நாட்டில் அங்கீகாரமுள்ளது எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டு இலாகா தருவது அது. முதல் மூன்று நிலை சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. பயிற்சி மையத்துக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று சொன்னால் அதோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பாடத்துக்கு, எந்த நிலைக்கு, எந்தத் தேதி வரைக்கும் என்று கேளுங்கள். தையலுக்கு வாங்கிய அங்கீகாரத்தைச் சுவரில் மாட்டிவிட்டு முடியலங்காரம் சொல்லிக் கொடுக்கிறவர்கள் இருக்கக்கூடும். இலாகாவிடமே சரிபார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

சில சமூகக் கல்லூரிகளில், அதாவது கொலேஜ் கொமுனிட்டியில், அழகுக்கலைப் பாடம் இருக்கிறது. எல்லா இனத்தவரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்காமலேயே "நமக்கெல்லாம் தர மாட்டார்கள்" என்று சொல்லாதீர்கள். விண்ணப்பித்து, மறுத்தால், மறுத்த கடிதத்தை எங்களிடம் கொண்டு வாருங்கள். கடிதம் கையில் இருந்தால்தான் நாங்கள் சண்டை போட முடியும். பி.டி.பி.கே. திறன் கடன் கிடைக்குமா என்பதைப் பயிற்சி மையத்தின் விற்பனைப் பெண்ணிடம் கேட்காமல் நேராக பி.டி.பி.கே.யிடம் கேளுங்கள். அது இனாம் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டிய கடன் என்பதையும் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே பல வருடம் கடையில் நின்றவர்கள், சான்றிதழ் இல்லையே என்று கூச்சப்படுகிறவர்கள், உங்களுக்கும் வழி உண்டு. பி.பி.டி. என்பார்கள். நீங்கள் செய்த வேலைக்கான சான்றுகளைக் கோப்பாகக் கட்டிக் கொடுத்தால், மதிப்பிட்டு எஸ்.கே.எம். தருவார்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. அதனால் செய்கிற வேலையை எல்லாம் இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள், தேதியோடு.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. தினமும் இருபது தலை கழுவினால் விரல் இடுக்கில் தோல் வெடிக்கும், சொறியும். கையுறை கேளுங்கள், கொடுக்காவிட்டால் சொந்தக் காசில் வாங்குங்கள். முடிச் சாயம் பூசுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் துளி வைத்துப் பாருங்கள். "ஆண்ட்டி எப்பவும் அடிப்பாங்க, ஒண்ணும் ஆகாது" என்று விட்டுவிட்டு, முகம் வீங்கி வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். முகத்தை வெளுக்க வைக்கும் கிரீமை விற்கச் சொன்னால், பெட்டியில் என், ஓ, டி என்ற மூன்று எழுத்தில் தொடங்கும் அறிவிப்பு எண் இருக்கிறதா பாருங்கள். எண்ணில்லாத கிரீமில் பாதரசம் இருக்கலாம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் பிள்ளைகளின் கறுப்பு நிறத்தை நோய் மாதிரி காட்டிக் காசு பார்க்கிற வியாபாரம் எனக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம். ஊசி போடும் "அழகு சிகிச்சை" வகுப்புக்குப் போகவே போகாதீர்கள். போட்டாக்ஸும் ஃபில்லரும் மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. ஏதாவது ஆனால், சொல்லிக் கொடுத்தவர் காணாமல் போவார், நீங்கள் நீதிமன்றத்தில் நிற்பீர்கள்.

வீட்டிலேயே திரெடிங், மணப்பெண் அலங்காரம் என்று தொடங்க நினைக்கும் அக்காமார்கள், எஸ்.எஸ்.எம்.மில் பதிந்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரில் என்றால் வருடம் 30 வெள்ளி, வியாபாரப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. உள்ளூர் மன்ற லைசென்ஸ் வேறு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மணப்பெண்ணிடம் முன்பணம் வாங்கினால் ரசீது கொடுங்கள். சொந்தக்காரப் பெண்ணாக இருந்தாலும் கொடுங்கள். சொந்தக்காரப் பெண்ணாக இருந்தால் கட்டாயம் கொடுங்கள்!

கடைசியாக, இதைச் சொல்லாமல் போனால் நான் வந்ததற்கு அர்த்தமில்லை. நம்மில் சில பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரத்தில் சிக்கல், நீல அடையாள அட்டை இல்லை. கை வேலை நன்றாக வரும். ஆனால் குடியுரிமை இல்லாவிட்டால் பி.டி.பி.கே. கடன் இல்லை, தெக்குனின் ஸ்பூமி கடனும் இல்லை. பள்ளி முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெற்றோர் தள்ளிப் போடுகிறார்கள். பிள்ளைக்கு வயது ஏற ஏற வழி குறுகிக்கொண்டே போகிறது. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அப்பா அம்மா திருமணத்தைப் பதியாதது பிள்ளையின் குற்றம் இல்லை.

அந்த மூலையில் இருக்கும் மேசையில் நம் இயக்கத்துச் சகோதரிகள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், பிறப்புப் பத்திரம், எது கொண்டு வந்திருந்தாலும் காட்டுங்கள். கொண்டு வராதவர்கள் பெயரும் ஃபோன் நம்பரும் எழுதிக் கொடுங்கள். தேநீர் பின்பக்கம் இருக்கிறது. பேப்பரைக் காட்டிவிட்டு அப்புறம் தேநீருக்குப் போங்கள்.