பிரம்பு போயிற்று, மனநிறைவு வந்ததா?

ஆசிரியரின் மனநிறைவு எதில் இருக்கிறது? ஊதியத்தில் என்பார் ஒருவர். ஓய்வூதியத்தில் என்பார் மற்றொருவர். இரண்டும் வேண்டும், மறுப்பாரில்லை. ஆயினும், வயிறு நிறைந்தும் மனம் நிறையாத ஆசிரியர் பலரை நம் உயர்நிலைப் பள்ளிகளில் காண்கிறோமே, காரணம் என்ன?

மூத்த ஆசிரியர் பலர் பணியேற்ற நாளில் கொண்டிருந்த கொள்கை எளியது: நான் சொல்வேன், நீ எழுது; தவறினால் பிரம்பு பேசும். 2003-இல் தமிழ்நாட்டுக் கல்வி விதி திருத்தப்பட்டுப் பிரம்படி விலக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், உடலை வருத்துவதோடு உள்ளத்தை வருத்துவதையும் தடுத்தது. "பிரம்பின்றிப் பாடமா?" என்று மலைத்தவர்களிலேயே பலர், மெல்ல மெல்ல வேறு வழி கண்டனர். தாம் வினவினர், மாணவனையும் வினவவிட்டனர். அச்சம் அகன்ற வகுப்பிலே கடைசி வரிசைப் பையன் கை உயர்த்துகிறான்! அப்போது ஆசிரியர் அடையும் இன்பத்திற்கு ஈடு ஏது?

அந்த இன்பம் அரையாண்டுத் தேர்வு வரையில்தான். அதன்பின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வாயிலில் வந்து நிற்கிறது. "உம்முடைய பாடத்தில் தேர்ச்சி விழுக்காடு என்ன?" என்று மேலிடம் கேட்கிறது. வினவப் பழக்கிய மாணவனையே, விடையை ஒப்பிக்கப் பழக்க வேண்டியவராகிறார் ஆசிரியர். பழைய கொள்கையிலேயே நின்றுவிட்டவருக்கு இதில் வேதனை இல்லை; வளர்ந்தவருக்குத்தான் வேதனை! தாம் நம்பாததை நாள்தோறும் செய்பவருக்கு மனநிறைவு எங்கிருந்து வரும்?

2011-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப்பின் சமச்சீர்க் கல்வி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நால்வகைப் பாடத்திட்டம் ஒன்றாயிற்று. 2017-இல் பொதுத்தேர்வின் தரவரிசை அறிவிப்பு நின்றது. நல்ல மாற்றங்கள்தாம். ஆனால், விழுக்காடு என்னும் அளவுகோல் மட்டும் அசையவில்லை.

தேர்ச்சி வேண்டாமா என்பீர்கள். வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அச்சான்றிதழ்தானே முதற்படி! ஆனால், புரிந்து படித்தவன் தேறமாட்டான் என்று யார் சொன்னது? அவ்வாறு கற்பிக்க ஆசிரியருக்குக் காலம் கொடுங்கள், நம்பிக்கை கொடுங்கள், கற்பித்தலுக்குப் புறம்பான பதிவேட்டுச் சுமையைக் குறையுங்கள் என்கிறோம்.

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் அமர்ந்திருக்கும் தோழர்களே! எத்தனை பேர் தேறினர் என்று கேட்கிறீர்கள். எத்தனை பேர் வகுப்பிலே கேள்வி கேட்டனர் என்றும் கேளுங்கள். அதற்கு விடை சொல்லும்போது ஆசிரியர் முகம் மலரும். அந்த மலர்ச்சியில் நம் பிள்ளைகளின் நலமும் அடங்கியிருக்கிறது!