படித்த கையில் மண்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சென்ற ஆண்டு பள்ளிக்கூடத்துப் பின்புறம் பிள்ளைகள் கீரை விதை தூவினார்கள். பாதியை எறும்பு இழுத்துக்கொண்டு போயிற்று. மீதியைக் கோழி கிளறியது. பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. அதன் பிறகுதான் விதை உருண்டை செய்யத் தொடங்கினோம்.

அப்போது ஒரு தாயார் என்னிடம் வந்து, "சார், நாங்கதான் காலமெல்லாம் மண்ணுல கிடக்கிறோம். பிள்ளைங்களைப் படிக்கத்தானே அனுப்புறோம்? அதுங்க கையிலயும் மண்ணா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று எனக்குப் பதில் வரவில்லை. இன்று சொல்கிறேன்.

ஜப்பானில் மசனோபு ஃபுகுவோகா என்று ஒருவர் இருந்தார். 1913இல் பிறந்தவர். பயிர் நோய்களைப் பற்றிப் படித்து, யோகோஹாமா சுங்க இலாகாவில் தாவரங்களைச் சோதிக்கும் உத்தியோகம் பார்த்தவர். 25ஆம் வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, ஷிகோகு தீவிலுள்ள தம் ஊருக்கே வந்து விவசாயம் செய்தார். உழவில்லை, இரசாயன உரமில்லை, மருந்துமில்லை. விதைகளைக் களிமண்ணில் பொதிந்து நிலத்தில் எறிந்தார். 1988இல் மக்சேசே விருது பெற்றார். 2008இல் மறைந்தார். மண்ணைத் தொட்டதால் அவர் படிப்பு குறைந்தா போயிற்று?

செய்முறை எளிது. விதை 1 பங்கு, நன்றாக மக்கிய காய்ந்த எரு 3 பங்கு, சலித்த களிமண் 5 பங்கு. கீரை போன்ற பொடி விதையானால் பாதி போதும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைந்து, கோலிக்குண்டு அளவில் உருட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். காய்ந்த உருண்டைகளை மழைக்காலத் தொடக்கத்தில் போட்டுவிடலாம். குழி வெட்ட வேண்டாம். மருந்தடிக்கும் இடத்தில் மட்டும் போடாதீர்கள்.

களிமண் ஓடுபோல் இருப்பதால் எறும்பும் கோழியும் விதையை எளிதில் எடுக்க முடியாது. சிறு தூறலுக்கு விதை விழிக்காது. நல்ல மழை பெய்து ஈரம் உள்ளே இறங்கினால்தான் முளைக்கும்.

நாங்கள் போட்டதில் எல்லாம் முளைக்கவில்லை. ஆனால் முளைத்த கீரையைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். "களிமண் 10 பால் டின் என்றால் எரு எத்தனை?" என்று கேட்டால், 6 என்று உடனே சொல்கிறார்கள். பலகையில் நான் எழுதிப் புரியாத விகிதக் கணக்கு, பிசைந்த கையில் புரிந்துவிட்டது.

அம்மா, நீங்கள் வயிற்றுப்பாட்டுக்காக மண்ணில் இறங்கினீர்கள். உங்கள் பிள்ளை, ஏன் முளைக்கிறது, ஏன் முளைக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே இறங்குகிறான். அந்தக் கேள்விதான் படிப்பு. வீட்டுக்குப் போனதும், அவன் கையை உடனே கழுவச் சொல்லாமல், என்ன செய்தாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.